யார் நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தை எடுத்து, பெங்களூர் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். ஏறக்குறைய 375 கிலோமீட்டர் வரும். விமானத்தில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. பேப்பரைப் புரட்டி முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் போட்ட கோடு தர்மபுரி மாவட்டத்தில், ஒகேனக்கலுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே புகுந்து போகும். அதே மாவட்டத்தில்தான் கோட்டூர் மலையும் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வண்டி போக வழியில்லாததால், வாக்குப்பதிவு இயந்திரங்கள் அந்த மலைக்குக் கழுதை முதுகில் போயின. கூடவே அதிகாரிகளும் நடந்தார்கள். போட்டோவைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நானும்தான் சிரித்தேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஓட்டுப் போட எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் வரையறை. மலையில் இருப்பவரைக் கீழே வரச் சொல்லாமல், அரசாங்கமே மேலே ஏறியதற்கு அதுதான் காரணம். எத்தனை நல்ல விஷயம்!

ஆனால் ஓட்டுப் பெட்டி இறங்கியதும் அரசாங்கமும் இறங்கிவிடுகிறது. மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு கீழே வர வேண்டியது அப்பன்தான். மலையின் உயரம் மாறவில்லை. பாதை நீளவில்லை. நடக்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

இங்கேயிருந்து அங்கே எவ்வளவு தூரமோ, அங்கேயிருந்து இங்கேயும் அவ்வளவுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கணக்குக்கு அது சரி. வாழ்க்கையில் தூரம் என்பது யார் நடக்க வேண்டும் என்று யாரோ எடுத்த முடிவு.

‘நாலு வீட்டுக்காக மலையைக் குடைந்து ரோடு போட முடியுமா சார்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பணத்துக்கு அளவு உண்டு. காட்டையும் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஓட்டு என்று வரும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை, பாருங்கள். கழுதையைப் பிடித்தாவது போய்விடுகிறோம். ரோடு போட முடியாத இடத்துக்கு மாதம் ஒருமுறை ஒரு டாக்டர் ஏற முடியாதா? முடியும். எது இல்லாமல் முடியாது என்று நினைக்கிறோமோ, அதற்கு வழி பிறந்துவிடுகிறது.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். கொடுத்த மனசைத்தான் எப்போதும் பாராட்டுகிறோம். எனக்கு இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. லேசில் கை எட்டாத மலைப் பிளவில் பழுத்த கனி அது. ‘வேண்டுமானால் ஏறிப் பறித்துக்கொள்’ என்று அவன் ஔவையிடம் சொல்லவில்லை. கனி அவள் இருந்த இடத்துக்கு வந்தது.

அரசாங்கத்தை மட்டும் சொல்லி என்ன? நம் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போனில் என்ன சொல்கிறோம்?

‘லீவே கிடைக்கலைம்மா. நீயே ஒரு நடை வந்துட்டுப் போயேன்.’

முழங்கால் வலியோடு அவள்தான் பஸ் ஏறுகிறாள்.