தன் காலில் நிற்பவர் யார்?

உடுமலைப்பேட்டையில் நமக்குப் பழக்கமான பனியன் வியாபாரி ஒருவர், ஜும்ஆ முடிந்து பேசிக் கொண்டிருக்கையில், "ஹஜ்ரத், நான் யார் தயவிலும் வளர்ந்தவனல்ல" என்றார். உழைத்து முன்னேறியவர்தாம், மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், அப்படி ஒரு படைப்பு உண்டா என்ற கேள்வி நம்மை விடவில்லை.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் உள்ளன. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. ஒரு காலத்தில் அக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். பார்ப்பதற்குத்தான் கல், கட்டியவை மிகச் சிறிய பிராணிகள். அவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள், ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்திற்கும் மேலாகக் குடியிருக்கின்றன. அவை வெயிலில் ஆக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்திற்கே போகிறது. பவளம் இருக்க இடம் தருகிறது. அதன் கழிவு பாசிக்கு உரமாகிறது. நாம் வியக்கும் நிறம்கூடப் பெரும்பாலும் குடியிருப்பவருடையதுதான்!

கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால், உணவு தந்த பாசியிலேயே நஞ்சு உண்டாகிறது. பவளம் அதை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது நேர்ந்தது. வெளுத்தவுடன் சாவதில்லை, சூடு தணிந்து பாசி திரும்பினால் பிழைக்கும். இல்லையேல் பட்டினிதான்.

பவளத்திற்கு நிய்யத் இல்லை. அதைக் காட்டி மனிதனுக்குச் சட்டம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால், பாசியை நீக்கிவிட்டால் 'பவளம்' என்று மிஞ்சுவது எது? தேவையற்றவன் படைத்தவன் ஒருவனே. படைப்புக்குத் தேவை என்பது இழிவல்ல, இயல்பு. மனிதன் மட்டும் அதை அறிந்து கொண்டே மறுக்க வல்லவன்.

மறுவாரம் வியாபாரியிடம், முதல் மிஷினுக்கு முன்பணம் யார் தந்தது என்று கேட்டோம். "மாமனார், திருப்பிக் கொடுத்துவிட்டேன்." தைத்தவர்கள்? "கூலி பாக்கி வைத்ததே இல்லை, ஹஜ்ரத்."

உண்மைதான். கூலி கொடுத்தால் கணக்குத் தீரும். கணக்குத் தீர்ந்ததால் அவர்கள் அவருடைய வாழ்வில் இல்லாமற் போய்விடுவார்களா? இதைக் கேட்டதும் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "முதல் மிஷினில் உட்கார்ந்த அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லையாம், மடத்துக்குளத்தில் இருக்கிறார்" என்றார்.

எந்தத் தெரு என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.