கல்லுக்கு ஏது பிறந்த மாதம்?

சித்தியின் பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம். மார்ச்சில் பிறந்தவள். மார்ச்சுக்குரிய பிறப்புக்கல் அக்வாமரைன், அதைப் போட்டால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே ஒன்று இருந்தது. சித்தப்பாவின் தாத்தா குன்னூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்த பழைய மோதிரம். கல்லின் அடிப்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடிய க்ளோஸ் செட்டிங். சித்தி அதைச் சீயக்காய்த் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துத் தேய்த்தார். விடிந்து பார்த்தால் நீலம் போய், கழுநீர் நிறத்தில் கிடந்தது கல்.

“ஏன் தம்பி, கல்லோட சக்தி போயிருச்சா?”

ஆசாரியிடம் கொண்டுபோனோம். விளிம்பை நிமிர்த்திக் கல்லை எடுத்தார். அடியில் கறுத்துச் சுருங்கிய மெல்லிய தகடு; ஓரத்தில் மட்டும் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. கல் அசல்தான், ஆனால் வெளுத்த கல். அந்தக் காலத்து ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் வெளிறிய கற்களுக்கு அடியில் இப்படிச் சாயத் தகடு வைத்து மூடிவிடுவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல்லே ஒளிர்வதுபோல் தெரியும். ஈரம் புகுந்தால் தகடு போச்சு. இத்தனை தலைமுறையும் அந்த வீடு கண்ணில் ஒற்றிக்கொண்டது அந்தத் தகட்டின் நீலத்தை.

கல்லின் சொந்த நீலத்திலும் மாயமில்லை. அக்வாமரைன் பெரில் இனம், மரகதத்தின் உடன்பிறப்பு. சுத்தமான பெரிலுக்கு நிறமே கிடையாது. துளி இரும்பு கலந்தால் கடல்நீலம், குரோமியம் கலந்தால் மரகதப் பச்சை. பச்சை சாயல் ஓடும் கல்லை 400 டிகிரிக்கு மேல் சுட்டால் நீலம் தெளிந்துவிடும். சந்தைக்கு வரும் கற்களில் பல அப்படிச் சூடு கண்டவைதான்.

சரி, மார்ச்சுக்கு இந்தக் கல் என்று யார் சொன்னது? மாதத்துக்கொரு கல் என்ற எண்ணம் பழையது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. இன்று கடைகளில் தொங்கும் பட்டியல் 1912இல் கன்சாஸ் சிட்டியில் கூடிய அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் ஒழுங்குபடுத்தியது. அதில் மார்ச்சுக்கு முதலிடம் பிளட்ஸ்டோன் என்னும் கரும்பச்சைக் கல்லுக்கு, அக்வாமரைன் மாற்றுக்கல். 1952இல் இரண்டையும் இடம் மாற்றினார்கள். 1967இல் தான்சானியாவில் கண்டெடுத்த தான்சனைட்டை 2002இல் டிசம்பரில் சேர்த்தார்கள். அதற்கு முன் டிசம்பரில் பிறந்தவர்களின் விதியை எந்தக் கல் காத்தது?

நம் பக்கமும் இதே கதைதான். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் அக்வாமரைன் விளைந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் பெரிலை அறுத்து மணி செய்த பட்டறைகளை அகழாய்வு காட்டியிருக்கிறது. கிரேக்கர் ‘பெரில்லோஸ்’ என்றது பாலியில் ‘வேளுரிய’ என வழங்கும் நம் வைடூரியத்தின் பெயரைத்தான். அந்தப் பெயர் இன்று பூனைக்கண் கல்லுக்குப் போய்விட்டது. கேதுவுக்கு உகந்தது என்று விற்பதும் பூனைக்கண்ணைத்தான். பெயர் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவியபோது கேதுவும் கூடவே தாவினாரா? முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கைகளுக்குக் கல்லின் நிறம் தெய்வமாகத் தெரிந்திருக்காது.

அழகை நான் மறுக்கவில்லை. ரோமப் பேரரசர் டைட்டஸின் மகள் யூலியாவின் முகத்தை எவோடோஸ் என்ற கைவினைஞர் ஓர் அக்வாமரைனில் குடைந்து, தன் பெயரையும் கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறார். அது பின்னாளில் பிரான்ஸின் செயின்ட் டெனிஸ் மடாலயத்துப் பேழையின் உச்சியில் ஏறியது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வேறு தெய்வங்களை வணங்கிய ஒரு பெண், கிறித்துவப் பேழையின் தலையில் நூற்றாண்டுகளாக இருந்தாள். கல் ஒன்றும் சொல்லவில்லை. அதில் மதிக்க வேண்டியது எவோடோஸின் விரல்களை.

விரல்கள் என்றதும் குஜராத்தின் கம்பாத் நினைவுக்கு வருகிறது. மார்ச்சின் பழைய கல் பிளட்ஸ்டோன், ரத்தப்போக்கை நிறுத்தும் என்று ஐரோப்பா நம்பிய கல். அது குஜராத்திலும் கிடைக்கிறது. அகேட் இனத்தோடு சேர்ந்தது, பெரும்பாலும் சிலிக்கா. கம்பாத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த இனக் கற்களை வீட்டிலேயே சக்கரத்தில் அரைக்கிறார்கள். பறக்கும் தூசு நுரையீரலில் படிந்து இறுகுகிறது. சிலிக்கோசிஸ். குணமாக்கும் மருந்து இல்லை. அரைப்பவரின் மூச்சைப் பறிக்கும் கல், வாங்குபவரின் உயிரைக் காக்கும் என்று எந்த மனசாட்சியோடு சொல்கிறோம்? ராசிக்கல் கடையில் கேரட் கேட்கிறோம், எந்த விரல், எந்தக் கிழமை என்று கேட்கிறோம். அரைத்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. கல்லை நம்பத் தொடங்கியதும் மனிதரிடம் கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோகிறது. எனக்கு ஆத்திரம் இந்த மறதி மேல்தான்.

எங்கள் வீட்டிலும் அதே மறதி. பேத்திக்கு என்ன பயம் என்று யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. ஆசாரிக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தவளிடம் அன்றைக்குத்தான் கேட்டேன். கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கணக்கு வாத்தியார் தினமும் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவாராம். தப்பாகப் போட்டால், எல்லாரையும் சிரிக்கச் சொல்லுவாராம்.

சித்தி மோதிரத்தை ஆசாரியிடமே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போனார்.