சிறு பங்கும் கடமையும்: மருத்துவக் கல்லூரியில் ஒரு சூழல் அறக்கேள்வி

நோயாளிக்கு நன்மை செய்ய வேண்டும், அது இயலாதபோது தீங்கேனும் செய்யாதிருக்க வேண்டும் என்பது மருத்துவ அறவியலின் மிகப் பழைய நெறிகளுள் ஒன்றாகும். ஹிப்போக்ராட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்தொகுதியில், கொள்ளைநோய்கள் பற்றிய நூலின் முதற்பகுதியில் காணப்படும் இந்நெறி, மருத்துவரும் நோயாளியும் நேருக்கு நேர் நிற்கும் நிலையை மனத்திற்கொண்டு உருவானது. தீங்கு நேர்ந்தால் செய்தவர் இன்னார், பட்டவர் இன்னார் என்று அங்கே சொல்லிவிடலாம். ஆனால் உலக நிகரப் பசுங்குடில் வாயு வெளியீட்டில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது என்று, ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம் அமைப்பும் அரூப் நிறுவனமும் 2019இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இந்தத் தீங்கைச் செய்வோர் எண்ணற்றோர். அதற்கு உள்ளாவோரிலோ இன்னும் பிறவாதோரும் அடங்குவர். இவ்வாறு சிதறிக் கிடக்கும் தீங்கைத் தவிர்க்கும் கடமை யாருக்கு உரியது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடாதபடி அதற்கு உயிரூட்டுபவை, மருத்துவக் கல்வி நிறுவனங்களில் பணியாளர்களே முன்னின்று நடத்தும் முயற்சிகள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி 2018இல் தொடங்கிய லீஃப் என்னும் ஆய்வக மதிப்பீட்டுத் திட்டம், மின்சாரம், கழிவு, கொள்முதல் ஆகியவற்றில் ஆய்வகப் பணியாளர்கள் தாமே செய்யும் மாற்றங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் மதிப்பிடுகிறது. அக்கல்லூரியோடு கல்வித் தொடர்புடைய கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், தேவையற்ற இடங்களில் கையுறை அணியும் வழக்கத்தைக் கைவிடச் செவிலியர் தரப்பிலிருந்து 2018இல் எழுந்த இயக்கம், முதல் ஆண்டில் ஏறத்தாழ 21 டன் பிளாஸ்டிக்கைக் குறைத்தது. எடின்பரோவில் மருந்தாளுநர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு, மயக்கமருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவின் பெரும்பகுதி எந்த நோயாளியையும் சென்றடையாமல் மையக் குழாய் அமைப்பிலேயே கசிந்து வீணாவதை வெளிக்கொணர்ந்தது. அந்த வாயு, எடைக்கு எடை ஒப்பிடும்போது, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியை வெப்பமூட்டக்கூடியது.

இச்செயல்கள் கடமையா, அல்லது செய்தால் போற்றத்தக்கதும் செய்யாவிடில் குறைகூற முடியாததுமான மிகைநற்செயலா? அமெரிக்க மெய்யியலாளர் வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005இல் எழுதிய கட்டுரையொன்றில், பொழுதுபோக்குக்காகக் காரோட்டும் தனிமனிதர் ஒருவர் அதைத் தவிர்த்தாலும் காலநிலையில் எந்த வேறுபாடும் நேராது என்பதால், தவிர்க்கும் கடமை அவருக்கு உண்டென நிறுவ முடியவில்லை என்றும், உண்மையான கடமை அரசுகளுடையது என்றும் வாதிட்டார். இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1984இல் வெளியான தம் நூலில், பிரித்தானிய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் எதிர்த்திசையில் சிந்தித்திருந்தார். ஒரு செயலின் விளைவு தனியே உணர முடியாத அளவு சிறியதாயினும், சேர்ந்து பெருந்தீங்கு விளைக்கும் செயல்தொகுதி ஒன்றில் அது உறுப்பாக இருந்தால், அந்தக் காரணத்தாலேயே அது தவறாகலாம் என்பது அவர் கருத்து.

ஆயினும் பார்ஃபிட்டின் வாதத்தை முழுமையாக ஏற்காதவர்கூட, ஆய்வகப் பணியாளரின் நிலை காரோட்டியின் நிலையன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். உயிரியல் மாதிரிகளைக் காக்கும் மீக்குளிர் உறைபெட்டிகள் பொதுவாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இயங்குகின்றன. பல வகை மாதிரிகளுக்கு மைனஸ் 70 டிகிரியே போதும் என்பதும், அந்தப் பத்து டிகிரி வேறுபாட்டால் ஏறத்தாழ 30 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பதும் அறியப்பட்டவை. ஆனால் எந்தப் பெட்டியில் எந்த மாதிரி இருக்கிறது, எது இனி எவருக்கும் தேவைப்படாதது என்பது முதல்வரின் அறைக்கோ நிதிக்குழுவுக்கோ தெரியாது. பெட்டியை நாள்தோறும் திறந்து மூடுபவருக்கே தெரியும். மேலும், அவர் மாற்றுவது தம் ஒருநாள் செயலை மட்டுமன்று, பின்னால் வருவோரும் கேள்வியின்றிப் பின்பற்றும் வழக்கத்தை. ஆகவே அவருடைய கடமை, உலகத் தீங்கில் அவருக்குரிய பங்கின் அளவிலிருந்து பிறப்பதன்று. வீண் எங்கே நிகழ்கிறது என்னும் அறிவும் அதை நிறுத்தும் வாய்ப்பும் அவரிடம் ஒருங்கே அமைந்திருப்பதிலிருந்து பிறக்கிறது.

எதிரே இருக்கும் நோயாளியின் நலனைத் தொலைவிலுள்ளோரின் நலனுக்காக விட்டுக்கொடுக்கலாமா என்னும் தடை இங்கே எழுவது இயல்பு. தாமஸ் அக்வினாஸின் சிந்தனையிலிருந்து கத்தோலிக்க அறவியல் வளர்த்தெடுத்த இரட்டை விளைவுக் கொள்கை இதற்கு உதவுகிறது. ஒரே செயல் நன்மையும் தீமையும் விளைக்கும்போது, தீமை நாடப்படாததாகவும், நன்மைக்கு வழியாக அமையாததாகவும், நன்மையின் அளவுக்கு மிஞ்சாததாகவும் இருந்தால் அச்செயல் ஏற்கத்தக்கது என்று அது கூறுகிறது. உயிர்காக்கும் அறுவை சிகிச்சையில் பயன்படும் மின்சாரமும் நுண்ணுயிர் நீக்கிய பிளாஸ்டிக்கும் இந்த அளவுகோலுக்குள் அடங்கும். குழாயில் கசியும் வாயுவோ எவருக்கும் நன்மை தராததால், அதனால் வரும் தீங்கை நியாயப்படுத்த எதிர்த்தட்டில் வைக்க ஒன்றுமில்லை. தேவையற்ற கையுறையோ, கைகழுவும் கவனத்தைத் தளர்த்தி நோயாளிக்கே தொற்று வரக் காரணமாகலாம். நோயாளியின் நலனும் சூழலின் நலனும் மெய்யாகவே மோதும் இடங்களில் நோயாளிக்கே முதலிடம். ஆனால் வழக்கத்தை நோயாளியின் நலன் என்று எண்ணி மயங்கும் இடங்கள் பல உண்டு என்பதையே பணியாளர் முயற்சிகள் காட்டுகின்றன.

இந்தச் சிந்தனை மருத்துவ அறவியலுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. உயிரறவியல் என்னும் துறைக்கு 1971இல் தம் நூலால் வடிவம் தந்த வான் ரென்ஸலேர் பாட்டர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் வழியில், மனித இனம் நிலவுலகோடு சேர்ந்து நிலைபெறுவதற்கான அறிவையே அவர் நாடினார். ஆனால் பின்னர் அத்துறை நோயாளியின் ஒப்புதல், உறுப்பு மாற்று, உயிர்நீட்டிப்பு போன்ற படுக்கையருகுக் கேள்விகளுக்குள் பெரிதும் சுருங்கியது. 1988இல் வெளியிட்ட மற்றொரு நூலில், உடல்நலமும் புவியின் நலமும் ஒரே அறவியலுக்குள் அடங்க வேண்டுமென அவர் மீண்டும் வலியுறுத்தினார். ஆகவே ஆய்வகப் பணியாளரின் இன்றைய முயற்சியை, அத்துறை இடையில் கைவிட்ட பணியின் தொடர்ச்சி எனலாம்.

எனினும் இயலாததைக் கடமையாக விதிக்க முடியாது என்பது கான்ட்டின் அறவியலோடு இணைத்துப் பேசப்படும் நெறி. உறைபெட்டியின் வெப்பநிலையை மாற்றும் தொழில்நுட்பர், எந்தப் பெட்டியை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பதில்லை. கட்டடத்தின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர் கையில் இல்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை, தன் நேரடி வெளியீட்டை 2040க்குள்ளும், கொள்முதல் உள்ளிட்ட பரந்த வெளியீட்டை 2045க்குள்ளும் நிகர பூஜ்ஜியமாக்குவதாக 2020இல் அறிவித்ததும், 2022இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அதன் அமைப்புகள் மீது காலநிலைக் கடமைகளைச் சுமத்தியதும், அதிகாரம் உள்ள இடத்தில் கடமையை வைத்த செயல்களாகும். பணியாளர்களின் ஆர்வத்தைப் பாராட்டிச் சான்றிதழ் தந்துவிட்டு, நேரமும் நிதியும் முடிவெடுக்கும் இடமும் தராத நிறுவனம், தன் கடமையைப் பிறர் தோளில் ஏற்றுகிறது. அறிந்தவர் சொல்ல வேண்டும், அதிகாரம் உடையவர் கேட்டு மாற்ற வேண்டும் என்னும் இரு கடமைகளில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. முன்னின்று நடத்தியவர் பணி மாறிச் சென்ற பின்னும் அம்மாற்றம் நிறுவனத்தின் விதியாக நீடிக்கிறதா என்பதைக் கொண்டே, அந்த இரண்டாம் கடமை நிறைவேறியதா என்று கணிக்க முடியும்.