நீக்கியவர் கையெழுத்து

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. ஒரு பக்கம் எழுத்தாளர் பெருமாள்முருகன், மறுபக்கம் அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்தவர்கள், நடுவில் மாவட்ட வருவாய் அலுவலர். நாவல் வெளிவந்தது 2010இல். 2014 டிசம்பர் கடைசியில் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். ஜனவரி 9 அன்று ஊரில் கடையடைப்பு. வருத்தம் தெரிவிப்பதாக அவர் எழுதிக்கொடுத்தது போதாதென்று, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி வாங்கினார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஓரிரு நாளில், எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்து, தன் புத்தகங்கள் எதையும் விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார்.

இதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியே பேசினார்கள். சரிதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நாவலை நீக்கியவர் யார்? அரசு தடை விதிக்கவில்லை. நீதிமன்றம் ஆணையிடவில்லை. ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்டால், இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்பதே பதில். எதிர்த்தவர்களைக் கேட்டால், அவரே எழுதிக்கொடுத்தார் என்பார்கள். காகிதத்தைப் பார்த்தால், தன் நாவலைத் தானே நீக்கிக்கொண்டவர் எழுத்தாளர்தான்! நீக்க வைத்த கை எதுவும் அதில் பதிவாகவில்லை.

ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய அரசுக்கு வழியே இல்லையா? இருந்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு அதற்கென்றே ஏற்பட்டது. அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், அதில் காரணத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்கும். இந்தப் பிரிவைப் போற்ற வேண்டியதில்லை, தவறாகவும் பயன்பட்டிருக்கிறது. ஆனாலும் தடை போட்டவர் யார், ஏன் போட்டார், யாரிடம் முறையிடலாம் என்ற மூன்றுக்கும் அதில் விடை உண்டு. நாமக்கல்லில் இந்த வழியை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் காட்டியிருக்க வேண்டும்.

நீக்குவதே பாவம் என்று வாதிடுவது எளிது, ஆனால் நேர்மையல்ல. நான்கு பேர் கூடிப் பேசும் எந்த இடத்திலும், சொல்லக்கூடாதது சொல்லப்படும் நேரம் வரும். சாதியைச் சொல்லித் திட்டுவதையும் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுப்பதையும் அப்படியே விட்டுவைப்பதில் எந்த அறமும் இல்லை. திருச்செங்கோட்டில் எதிர்த்தவர்களிலும், எங்கள் பாட்டி தலைமுறைப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று உள்ளபடியே நொந்தவர்கள் இருந்திருப்பார்கள். நாவலில் வரும் அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழா அந்த ஊருக்கு வெறும் கதைக்களம் அல்ல. அவர்கள் புகார் சொல்லலாம், வழக்குப் போடலாம், மறுத்து எழுதலாம். தங்கள் மனக்குறைக்காக இன்னொருவரை மூடிய அறையில் மண்டியிட வைக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. அந்த அறையைத் திறந்துகொடுக்க அதிகாரிக்கும் இல்லை.

நீக்குவதை ஒளிக்காமல் செய்யும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. மக்களவையில் உறுப்பினர் சொன்ன சொல் தகாதது என்று தோன்றினால் சபாநாயகர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கலாம். அது 380ஆவது விதி. அடுத்த விதிதான் கவனிக்க வேண்டியது. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இட வேண்டும். இது அவைத் தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்துப் புரட்டுகிறவருக்கும் இங்கே ஏதோ இருந்தது, அதை எடுத்தவர் இன்னார் என்று தெரியும். சினிமாவிலும் இதே ஏற்பாடுதான். படம் தொடங்குமுன் திரையில் சில நொடி நிற்கும் தணிக்கைச் சான்றிதழில் முக்கோணக் குறி இருந்தால், கத்திரி விழுந்திருக்கிறது என்று பொருள். என்னென்ன வெட்டினார்கள் என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். சபாநாயகர்கள் கட்சி பார்க்காமல் நீக்குகிறார்கள் என்றோ, தணிக்கைக் குழுவினர் ரசனை மிக்கவர்கள் என்றோ இதற்குப் பொருளல்ல. அவர்கள் தவறு செய்தால் அது கண்ணில் படும், அவ்வளவே.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஊரே கடையடைத்து நிற்கும்போது அதிகாரி சட்டப் பிரிவைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா? நாளைக்குக் கல் விழுந்தால் அவர் தலைதான் உருளும். காரணத்தை வெளியே சொன்னால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியதாகும், சத்தமில்லாமல் முடிப்பதே எல்லோருக்கும் நல்லது என்பார்கள். அவசரத்தில் முதலில் தடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்லலாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். முடிவெடுத்தவரின் வீட்டு முகவரி யாருக்கும் வேண்டாம், பதவிப் பெயர் போதும். ஆனால் ‘பிறகு’ என்பது ‘ஒருபோதும் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. இணையப் பதிவுகளை முடக்குவதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாகவே வைக்கச் சொல்கிறது. அவசரம் தீர்ந்து எத்தனை ஆண்டானாலும் அந்த ரகசியத்துக்குக் கெடு இல்லை.

மூடிய அறை, அதில் இருக்கிற வலியவருக்கும் நல்லதல்ல. 2024 செப்டம்பர் 11 அன்று கோவை கொடிசியா வளாகத்தில் தொழில்துறையினருடன் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நடத்திய கூட்டத்தில், அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் ஜிஎஸ்டி பற்றிப் பேசினார். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றார். கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் கேட்பதாகவும் சொன்னார். கூட்டம் சிரித்தது. கொங்கு நாட்டுக்காரர் குசும்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். மறுநாள் தனி அறையில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்டார், அந்தக் காணொளி வெளியே வந்தது. அவரே முன்வந்து கேட்டார் என்று அப்போதைய கோவை தெற்கு பாஜக எம்எல்ஏ வானதி சீனிவாசன் சொன்னார். மிரட்டிக் கேட்க வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின. தனிப்பட்ட பேச்சு வெளியானதற்கு அன்றைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். உள்ளபடியே யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அதை எப்படி நிரூபிப்பது? கேள்வி எழுந்த மேடையிலேயே, நூறு பேர் முன்னால் பதிலும் வந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அறையை மூடியதால் அமைச்சர் தரப்பு இழந்தது, தன் நேர்மைக்கான சாட்சிகளை.

நாமக்கல் விவகாரத்தில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பெருமாள்முருகன் மீண்டும் எழுத வந்தார். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. தன் ஊருக்கருகே வேலை பார்த்த கல்லூரி ஆசிரியர் இதற்குள் சென்னைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு சங்கமும் பதிப்பாளரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் பின்னால் நின்ற எழுத்தாளருக்கே இந்த நிலை. ஊர்க்கூட்டத்தில் ஏதோ கேட்டுவிட்டு, மறுநாள் காவல் நிலையத்தில் ‘இனிப் பேசமாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருபவருக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை.

ஆகவே, பேச்சுவார்த்தைக்கு வா என்று உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ அழைப்பு வந்தால், போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். கையெழுத்துக் கேட்டால் மட்டும், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று முதலில் அவர்களை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.