முனியாண்டிக்கு எத்தனை மீட்டர்?

முப்பது வருஷம் சர்வேயராக இருந்தேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஏரிப் புறம்போக்கு என்று எல்லாம் அளந்திருக்கிறேன். சாமிக்குத் தூரம் அளந்தது ஒரே ஒரு தடவைதான், மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்.

மதுச் சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் அரசே எடுத்துக்கொண்டது. அந்த வருஷத்து விதிப்படி, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்கவேண்டும். மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து ஒயின்ஷாப் வாசல்வரை, ஆள் நடக்கிற வழியாக டேப் பிடித்தோம். 104 வந்தது.

பாதி வழியில் வேப்பமரத்தடியில் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு அரிவாள், அவ்வளவுதான். ஊர்ப் பெண்களோடு வந்திருந்த அப்பத்தா ஒருத்தி கேட்டாள்: "இவரு கணக்குல வரமாட்டாரா தம்பி?"

கூட வந்த அதிகாரி சிரித்தார். நட்ட கல்லெல்லாம் கோயிலாகிவிடாதாம். எனக்குச் சிரிப்பு வேறு காரணத்தால் வந்தது. முனியாண்டியின் காலடியில் சுருட்டும் காலிக் குவார்ட்டர் பாட்டிலும் கிடந்தன.

அந்த 100 மீட்டர் யாருக்காக? சாமிக்கு வாடை ஆகாது என்றால், முனியும் கருப்பும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்களே! அம்மன் முகம் சுளிப்பாள் என்றால், 104-வது மீட்டரில் நடப்பது அவளுக்குத் தெரியாதா? எங்கும் நிறைந்தவள் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தூரம் சாமிக்கு இல்லை, விற்கிறவனின் கூச்சத்துக்கு என்றே எனக்குப் படுகிறது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் தினம், மகாவீர் ஜெயந்திக்கு ஷட்டரை இறக்குவதும் அதே கூச்சம்தான். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் எழுதியவருக்கு வருஷத்தில் ஒரு நாள். முந்தின நாள் சாயங்காலம் கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கவேண்டுமே!

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டர் என்றபோது, அது நேர்மையான கணக்காகத் தெரிந்தது. அதில் புனிதம் ஒன்றுமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஆள் சாவான், அவ்வளவே. அதற்கும் கேரளத்தில் வடக்குப் பறவூரில் ஒரு பார்க்காரர், வாசலுக்கு முன்னால் பாதையை வளைத்து வளைத்துக் கட்டித் தூரத்தைக் கூட்டிக்கொண்டார். சர்வேயராக எனக்குப் பொறாமைதான்.

கிராம சபை தீர்மானம் போட்டால் கடையை எடுத்தே ஆகவேண்டும் என்று விதியைத் திருத்தச் சொல்லிப் பல ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள். கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்ததைப் பார்த்த பிறகு அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் அதுவும் நடந்தது. மீட்டரை நம்பிப் பிழைத்த நானே சொல்கிறேன், இந்தத் திருத்தம் வரட்டும்.

அன்றைக்கு அப்பத்தாவிடம் பாட்டிலைக் காட்டி, "உங்க சாமியே குடிக்குதே" என்றேன், கொஞ்சம் குசும்பாகத்தான்.

"குடிச்சிட்டு அது யாரையும் அடிக்கலையே தம்பி" என்றாள். அவள் பக்கத்தில் நின்ற மருமகள் முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

படிவத்தில் தூரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 104 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.