மஞ்சள் சட்டையும் காவிரித் தண்ணீரும்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்து சென்னை சேப்பாக்கம் மைதானம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சென்னை சூப்பர் கிங்ஸை இந்தப் பக்கத்து ரசிகர்கள் பெரும்பாலும் டிவியில் பார்த்தே நேசித்தவர்கள். 2015-இல் சூதாட்ட விவகாரத்தில் அணிக்கு இரண்டு ஆண்டு தடை விழுந்தது. அப்போதும் அவர்கள் அணியின் மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லை. தடை முடிந்து அணி திரும்பிய 2018-இல் வந்ததோ வேறு மாதிரி சோதனை.

அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்தின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. செயல்திட்டம் வகுக்கக் கொடுத்த ஆறு வாரக் கெடுவும் மார்ச் இறுதியில் கடந்துபோனது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலம் கொதித்தது. கடைமடைக்காரருக்கு இது வெறும் பேப்பர் செய்தி அல்ல. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை தாண்டி, ஊர் ஊராகப் பாய்ந்து, கடைசியில்தான் மேலையூர் கடையணைக்கு வரும். வரத்து குறைந்தால் முதலில் காய்வது இவர் வயல்.

வயல் காயும்போது கிரிக்கெட் ஒரு கேடா?

ஏப்ரல் 10 அன்று இந்தக் கேள்வி சேப்பாக்கத்துக்குள்ளேயே வந்து விழுந்தது, செருப்பு வடிவத்தில். மைதானத்துக்கு வெளியே மறியல். உள்ளே பவுண்டரி கோட்டருகே நின்ற சென்னையின் ஜடேஜாவை நோக்கிப் பறந்தன காலணிகள். ஆட்டம் நிற்கவில்லை. எதிரணியான கொல்கத்தாவின் ரஸல் 88 அடித்தார். 203 என்ற இலக்கை ஒரு பந்து மீதமிருக்க ஜடேஜாவே சிக்ஸருடன் எட்டினார். மறுநாளே மிச்ச ஆறு ஆட்டங்களும் சென்னையை விட்டுப் போகின்றன என்ற செய்தி வந்தது. ஆட்டங்கள் மாறிய புனேவுக்கு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலே விடப்பட்டது; சுமார் ஆயிரம் ரசிகர்கள் ஏறிப்போனார்கள்.

போராடியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நாடே பார்க்கும் கேமராக்கள் அன்று மைதானத்தில்தான் இருந்தன. வயல் வரப்பில் இல்லை. ஆனால் மேட்சை நிறுத்தினால் மதகு திறந்துவிடாது என்பதும் டெல்டாக்காரருக்குத் தெரியும். பகலில் மறியலில் உட்கார்ந்தவர் ராத்திரி ஸ்கோர் கேட்டால் அதைத் துரோகம் என்று சொல்ல முடியுமா? துக்கம் இருக்கும் வீட்டிலும் உலை வைக்கத்தான் செய்கிறார்கள். சந்தோஷத்தை ஒத்திவைப்பதென்றால் காவிரி விவகாரம் தீரும் நாள்வரை ஒத்திவைக்க வேண்டும். 2018-க்குள் அந்த விவகாரத்தில் பல தலைமுறைகள் கடந்திருந்தன.

மே 27 அன்று வாட்சனின் 117 ரன்னில் சென்னை ஐ.பி.எல். கோப்பையை வென்றது. ஐந்தே நாளில், ஜூன் 1 அன்று, காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர், அவ்வருடம் ஜூலை 19-இல் திறந்தது.

சேப்பாக்கத்தில் அடுத்த ஐ.பி.எல். ஆட்டம் 2019 மார்ச் 23-இல். எதிரே பெங்களூரு, 70 ரன்னில் சுருண்டது. சென்னையும் பெங்களூருவும் மோதினால் 'காவிரி டெர்பி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரு விக்கெட் சரிவதால் மேட்டூர் நீர்மட்டம் ஓர் அங்குலமும் ஏறாது என்பது கடைமடை ரசிகருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அந்த விக்கெட்டுகளுக்கு அவர் விசில் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும்.