வேருக்கும் வேர் உண்டா?

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இரவு ஷிப்டில் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரை வாசிப்பது பழக்கம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் சிம்லிங்க்.

1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது இது. உள்ளே இருப்பது இன்னொரு கோப்பின் பாதை, வெறும் எழுத்து. அந்தப் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் முழுப்பாதை; ரூட் எனும் வேரிலிருந்து எண்ண வேண்டும். இரட்டைப் புள்ளியில் தொடங்கினால் சார்புப் பாதை; அந்த லிங்க் உட்கார்ந்திருக்கும் டைரக்டரியிலிருந்து. கட்டளை தட்டுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. சர்வர்களை அமைக்க உதவும் அன்சிபிள் கருவியின் ஃபைல் மாட்யூலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளோ அதன் கட்டளைக் கோப்பான பிளேபுக் கிடக்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுவார்கள். தன்னை நடுவில் வைத்து உலகை அளப்பது எல்லோருக்கும் உள்ள நோய்தானே!

சார்ந்து தோன்றுவது எதற்கும் தனக்கென்று ஓர் இயல்பு இல்லை என்பது நாகார்ஜுனர் வாதம். சார்புப் பாதைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்: லிங்கை மட்டும் பிடுங்கி வேறு டைரக்டரியில் வைத்தால் அதே எழுத்து வேறெதையோ காட்டும், அல்லது எதையுமே காட்டாது. அதனால்தான் பலர், "முழுப்பாதையே எழுது, அது அசையாது" என்கிறார்கள்.

அசையும். படுத்துவிட்ட சர்வரின் டிஸ்கை மீட்பு சிஸ்டத்தில் மவுண்ட் செய்து பாருங்கள். அந்த டிஸ்கிலுள்ள முழுப்பாதை லிங்க், மீட்பு சிஸ்டத்தின் சொந்தக் கோப்பைத் திறந்து காட்டும். அங்கே அதே பெயரில் கோப்பு இருந்துவிட்டால் பிழைச் செய்திகூட வராது. சிஎச்ரூட் செய்து, அதாவது அந்த டிஸ்கையே ரூட்டாக்கி, உள்ளே போனால் லிங்க் பழையபடி வேலை செய்யும். லினக்ஸில் ரூட் என்பது ஒவ்வொரு பிராசஸுக்கும் கர்னல் குறித்து வைத்திருக்கும் ஒரு விவரம், அவ்வளவுதான். எட்சி டைரக்டரியிலுள்ள ஓஎஸ்-ரிலீஸ் லிங்க் சார்புப் பாதையாகவே இருக்கட்டும் என்று அதன் கையேடு சொல்வதும் இதனால்தான்: ரூட் எதுவானாலும் அது பிழைக்கும். முழுப்பாதையும் சார்புதான், எதைச் சார்ந்திருக்கிறது என்பதை அது வெளியே சொல்வதில்லை.

அதற்காக எங்கும் இரட்டைப் புள்ளி போடு என்று நான் சொல்லமாட்டேன். டெபியன் லினக்ஸின் விதி பாதிக்குப் பாதி: ஒரே மேல்மட்ட டைரக்டரிக்குள் சார்புப் பாதை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முழுப்பாதை. மேல்மட்ட டைரக்டரியே ஒரு லிங்காக இருந்துவிட்டால், மேலே ஏறும் புள்ளிகள் தவறான மாடியில் கொண்டுபோய் விடும். நாகார்ஜுனரும் உலக வழக்கின் உண்மை, பரமார்த்த உண்மை என்று இரண்டை ஒப்புக்கொண்டவர். டெபியன்காரர்கள் எழுதியது முதல் வகை. என் பிளேபுக்குகளும் அந்த வகைதான்.